சொந்தமாகக் கட்டிய வயரிங் ஹார்னஸ்: பழைய பிக்கப்பில் அறிகுறியை வைத்துப் பழுது கண்டுபிடிக்கும் முறை

வண்டியின் வயர்களையெல்லாம் சேர்த்துக் கட்டிய தொகுப்புதான் ஹார்னஸ். புதிதாக ஒன்றைக் கட்டி மாட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் ஒரு லைட் மங்குகிறது, ஒரு ஃப்யூஸ் போகிறது, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்குகிறது. பதற்றத்தில் கட்டிய டேப்பையெல்லாம் பிரிக்க வேண்டாம். சொந்தமாகக் கட்டிய ஹார்னஸில் வயரின் நடுவே பழுது வருவது அபூர்வம். எர்த் முனை (மின்சாரம் வண்டியின் இரும்பு வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), கிரிம்ப் செய்த லக் (வயர் முனையில் பிளையரால் நசுக்கி மாட்டிய உலோகக் காது), கனெக்டர் பின், சாவியில் தவறான டெர்மினல், இந்த நான்கில் ஒன்றில்தான் பெரும்பாலும் போய் நிற்கும். எந்த முனை என்பதை அறிகுறியே சொல்லிவிடும்.

கீழே உள்ளதெல்லாம் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் வண்டிக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் வண்டியின் இரும்போடு இணைந்திருக்கும் வண்டிக்கு. செவ்ரலே 1955லும் ஃபோர்டு 1956லும்தான் பிக்கப்புகளை 12 வோல்டுக்கு மாற்றின. அதற்கு முந்தைய 6 வோல்ட் வண்டியை அப்படியே வைத்திருந்தால், அதே வாட் பல்புக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். வயரின் செம்புப் பரப்பும் இரண்டு மடங்காவது வேண்டும். பழைய ஃபோர்டு 6 வோல்ட் வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதையும் மறக்க வேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை

டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. அதைவிட முக்கியம், 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றில் இரண்டு மீட்டர் வயர் இரண்டு வைத்து, முனைகளில் முதலைக் கிளிப் போட்ட டெஸ்ட் லேம்ப்.

மீட்டர் மட்டும் ஏன் போதாது? முப்பது இழை உள்ள வயரில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.6 வோல்ட் காட்டும். மீட்டர் இழுக்கும் மின்சாரம் ஒன்றிரண்டு மைக்ரோ ஆம்பியர்தான். அதற்கு ஓர் இழையே தாராளம். 21 வாட் பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும். முனை நல்லதாக இருந்தால் பளிச்சென்று எரியும், கெட்டதாக இருந்தால் செம்மஞ்சளாகக் கண் சிமிட்டும். ஆகவே எந்த வயரையும் லோடு கொடுத்துச் சோதிக்காமல் நல்ல வயர் என்று முடிவுகட்டாதீர்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டி, ரேடியோ மாதிரியானவற்றின் சிக்னல் வயர்களில் மட்டும் இந்தப் பல்பைத் தொட வேண்டாம்; அங்கே மீட்டர்தான்.

மீட்டரின் உண்மையான வேலை வோல்டேஜ் டிராப் அளப்பது. லைட் எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவ் தண்டிலும் மறுமுனையைப் பல்பின் பாசிட்டிவ் பின்னிலும் வையுங்கள். வரும் எண்தான் வழியில் தொலைந்த வோல்ட். ஹெட்லைட் வழியில் 0.5 வோல்டுக்குள் இருக்க வேண்டும். பல்பின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவ் தண்டுக்கும் நடுவே 0.1 நல்லது, 0.2 வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் எர்த் சரியில்லை.

பேட்டரியை முதன்முதலாக மாட்டும் முன்

எல்லா ஸ்விட்சும் ஆஃப், எல்லா ஃப்யூஸும் வெளியே. நெகட்டிவ் கேபிளை நேராக மாட்டாமல், பேட்டரி தண்டுக்கும் கேபிளுக்கும் நடுவே அந்த 21 வாட் பல்பைத் தொடராகப் போடுங்கள். பல்பு எரியவே கூடாது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஃப்யூஸ் பெட்டிக்கு முன்பே, அதாவது பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரிலோ ஆல்டர்னேட்டர் வயரிலோ ஷார்ட் இருக்கிறது. பல்பு நடுவில் இருப்பதால் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓட வழியில்லை, எதுவும் கருகாது. பிறகு ஃப்யூஸை ஒவ்வொன்றாகப் போட்டு வாருங்கள். எதைப் போட்டதும் பல்பு எரிகிறதோ அந்த வழியில் பார்க்க வேண்டும். கதவு லைட், கடிகாரம் இருந்தால் லேசாக எரிவது இயல்பு.

ஃப்யூஸ் போட்டவுடனே போகிறது

இன்னும் பெரிய ஃப்யூஸ் போட்டுப் பார்ப்பதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு. ஃப்யூஸ் காப்பது வயரை. பல்பையோ மோட்டாரையோ அல்ல. 15 ஆம்பியர் ஃப்யூஸுக்கு ஏற்ற வயரில் 30 போட்டால், அடுத்த ஷார்ட்டில் வயரே ஃப்யூஸாகிவிடும்.

இப்படிச் செய்யுங்கள். அந்த வழியிலுள்ள பல்புகளையும் மோட்டார் கனெக்டர்களையும் கழற்றிவிடுங்கள். போன ஃப்யூஸை எடுத்துவிட்டு, அது இருந்த ஹோல்டரின் இரண்டு டெர்மினலிலும் டெஸ்ட் லேம்பின் கிளிப்புகளை மாட்டுங்கள். ஸ்விட்சை ஆன் செய்தால், ஷார்ட் இருக்கும்வரை பல்பு பளிச்சென்று எரியும். இப்போது ஹார்னஸை ஒரு சாண் ஒரு சாணாகப் பிடித்து அசைத்துக்கொண்டு போங்கள். ஓர் இடத்தில் அசைக்கும்போது பல்பு அணையும் அல்லது துடிக்கும். அங்கேதான். அசைத்தும் மாற்றமில்லை என்றால் கனெக்டரை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எதைப் பிரித்ததும் பல்பு அணைகிறதோ, ஷார்ட் அதற்கு அப்பால் இருக்கிறது.

பிக்கப்பில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: கேபினுக்கும் இன்ஜினுக்கும் நடுவிலுள்ள தகட்டில் ரப்பர் கிராமெட் போடாத துளை, சேசிஸின் கூர்மையான விளிம்பு, பின்தொட்டியின் போல்ட் வயர்மேல் இறங்கிய இடம், டெயில் லைட்டின் பின்புறம். பல்பு ஹோல்டரையும் விட்டுவிடாதீர்கள். பழைய ஹோல்டரின் அடியிலுள்ள ஸ்பிரிங் சாய்ந்து, பாசிட்டிவ் பின் பக்கவாட்டில் தொட்டுக்கொண்டிருக்கும்.

கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் ஃப்யூஸ் போகிறது

நின்றால் சரியாக இருக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் போகிறது என்றால் உரசல். சூடேறிய பிறகு போகிறது என்றால் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் வயர் போகிறதா என்று பாருங்கள். சாதாரண ஆட்டோமொபைல் பிவிசி உறை 105 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். மேனிஃபோல்டுக்கு அருகே அதற்கு மேல் போகும். உறை மெழுகாக இளகி உள்ளிருக்கும் செம்பு தகட்டைத் தொடும். வழியை மாற்றுங்கள். முடியாவிட்டால் 125 டிகிரி தாங்கும் கிராஸ்லிங்க் உறை வயரோடு கண்ணாடி இழை ஸ்லீவும் போடுங்கள்.

ஃப்யூஸ் போகவில்லை, ஆனால் ஃப்யூஸ் ஹோல்டர் உருகுகிறது

கவனம் வேண்டிய அறிகுறி இது. ஃப்யூஸ் போகாததால் ஆம்பியர் அதிகமில்லை என்பது தெளிவு. சூடு வருவது லூஸான இடத்திலிருந்து. ஹோல்டருக்குள் உள்ள டெர்மினல் ஃப்யூஸ் காலை இறுக்கிப் பிடிக்கவில்லை, அல்லது அதன் பின்னால் உள்ள கிரிம்ப் சரியில்லை. டெர்மினலை வெளியே எடுத்து மாற்றுங்கள்; வளைத்து இறுக்கினால் மறுபடி தளர்ந்துவிடும். தொடர்ந்து ஓடும் லோடு ஃப்யூஸ் அளவில் முக்கால் பங்கைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெட்லைட் மங்கலாக இருக்கிறது

கணக்குப் போட்டால் விளங்கும். 55 வாட் லோ பீம் இரண்டு சேர்ந்து 9.2 ஆம்பியர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு ஸ்விட்ச் போய், டிப்பர் ஸ்விட்ச் போய், முன்னால் வர 5 மீட்டர் என்றால் வயரில் மட்டும் 0.8 வோல்ட் போய்விடுகிறது. அரை நூற்றாண்டு பழைய ஸ்விட்சும் கனெக்டர்களும் இன்னும் அரை வோல்டை விழுங்கும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலோஜன் பல்பின் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறையும். புதுப் பல்பு வாங்கிப் போட்டுப் பயனில்லாமல் போவது இதனால்தான்.

தீர்வு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தை வைத்துப் பெரிய மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் ஸ்விட்ச். பேட்டரி அருகிலிருந்து 4 சதுர மி.மீ. வயர் ஒன்று, பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃப்யூஸ், அங்கிருந்து லோ பீமுக்கு ஒன்று ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே. ரிலேயில் 30ஆம் பின்னுக்குப் பேட்டரி, 87இலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரில் பல்புக்கு. 86க்குப் பழைய ஹெட்லைட் ஸ்விட்சிலிருந்து வரும் வயர், 85 எர்த். ஸ்விட்ச் வழியாக இப்போது ஓடுவது ரிலே காயிலின் 150 மில்லி ஆம்பியர் அளவுதான், பழைய ஸ்விட்சும் பிழைத்துக்கொள்ளும். உள்ளே டையோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) உள்ள ரிலே என்றால் 86 பாசிட்டிவ், 85 நெகட்டிவ் என்பதை மாற்றக் கூடாது. மாற்றினால் ஸ்விட்ச் போட்டதும் ஃப்யூஸ் போகும். ஷார்ட் தேடி அலைவீர்கள்.

ரிலே போட்டும் மங்கலா? பாசிட்டிவ் பக்கத்தை மறந்துவிட்டு எர்த்தை அளந்து பாருங்கள். பாசிட்டிவ் வயரை மாற்றியவர்கள் ஹெட்லைட் எர்த்தை அதே பழைய மெல்லிய வயரில் விட்டுவிடுவது வழக்கம். போன ஆம்பியர் அத்தனையும் திரும்பி வர வேண்டும் அல்லவா?

ஒரு லைட்டைப் போட்டால் இன்னொன்று வேலை காட்டுகிறது

டெயில் லைட் எரியும்போது பிரேக்கை மிதித்தால் டெயில் லைட் அணைகிறது. இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கிறது. எர்த் இல்லாதபோது மின்சாரம் அடுத்த இழை வழியாகத் திரும்பப் பார்ப்பதுதான் இது. இரட்டை இழை பல்பில் இரண்டுக்கும் எர்த் ஒன்றே என்பதால், அது விட்டுப்போனதும் இரண்டும் பின்னிக்கொள்கின்றன.

பிக்கப்பின் பின்தொட்டி பல வண்டிகளில் ரப்பர் அல்லது மரக்கட்டைமேல் உட்கார்ந்திருக்கும். கேபினும் ரப்பர் புஷ்மேல். வெறும் போல்ட் வழியாக எர்த் வந்துகொண்டிருந்தது, நீங்கள் பெயிண்ட் அடித்துப் பூட்டியதும் அதுவும் போயிற்று. ஒவ்வொரு டெயில் லைட்டுக்கும் தனி எர்த் வயர் எடுத்து, சேசிஸில் ஒரே போல்டில் சேருங்கள். பெயிண்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பு தெரிய வேண்டும். பல்லுள்ள ஸ்டார் வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். கேபினிலிருந்து சேசிஸுக்கும் பட்டை எர்த் ஒன்று.

எர்த் சரியாக இருந்தும் பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் வேலை செய்யவில்லையா? பழைய அமெரிக்க பிக்கப்புகள் பலவற்றில் பின்னால் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே இழைதான். பிரேக் ஸ்விட்ச் வயர் முதலில் ஸ்டீயரிங்கிலுள்ள இண்டிகேட்டர் ஸ்விட்சுக்குள் போய், அங்கிருந்துதான் இடம், வலம் என்று பிரிய வேண்டும். பிரேக் வயரை நேராகப் பின்னுக்குக் கொண்டுபோய் அந்த இழையில் இணைத்திருந்தால் இந்தக் குழப்பம் வரும்.

இண்டிகேட்டர் கோளாறுகள்

நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்குவது சரியான வேகம். பழைய வெப்ப ஃப்ளாஷரில் உள்ளே ஒரு பட்டை சூடாகி விலகும், ஆறி ஒட்டும். ஒரு பல்பு போனாலும், எல்இடி போட்டாலும் லோடு போதாமல் பட்டை சூடாகாது. லைட் எரிந்தபடியே நிற்கும். எலக்ட்ரானிக் ஃப்ளாஷர் பலவற்றில் பல்பு போனால் இரட்டிப்பு வேகத்தில் மினுக்கி உணர்த்தும். எல்இடி வேண்டுமென்றால் லோடு பார்க்காத ஃப்ளாஷர் வாங்குங்கள். ரெசிஸ்டர் கட்டுவது தவறல்ல, ஆனால் அது வறுக்கும் சூடு. ஹார்னஸோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

எல்இடி மாற்றிய பிறகு ஒரு பக்கம் போட்டால் நான்கு மூலையும் மினுக்குகிறதா? டேஷ்போர்டில் ஒரே ஒரு இண்டிகேட்டர் பல்பு இருக்கிறதா பாருங்கள். அது இடது வயருக்கும் வலது வயருக்கும் குறுக்கே மாட்டப்பட்டிருக்கும். எதிர்ப்பக்க பல்பு வழியாகத்தான் அதற்கு எர்த். அந்தச் சிறிய மின்சாரத்துக்கே எல்இடி எரிந்துவிடுகிறது. டேஷ் பல்பின் ஒரு காலை நேரடி எர்த் செய்து, மறு காலுக்கு இடம், வலம் இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு 1என்4007 டையோடு வழியாக வயர் கொடுங்கள். டையோடின் வெள்ளிக் கோடு பல்பைப் பார்த்து இருக்க வேண்டும்.

செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, அல்லது டக் என்ற சத்தம் மட்டும்

முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட், சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்காமல் செல்ஃப் மட்டும் சோம்பினால் வழியில் எங்கோ தொலைகிறது.

இக்னிஷன் காயில் வயரைக் கழற்றி இன்ஜின் பற்றாமல் செய்துவிட்டு, ஒருவர் சாவி போட, அளக்க வேண்டியவை இரண்டு. பேட்டரி பாசிட்டிவ் தண்டிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை, பிறகு இன்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரி நெகட்டிவ் தண்டு வரை. இரண்டும் 0.5 வோல்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் முனை கிளாம்ப்மேல் அல்ல, ஈயத் தண்டின் தலையில். கிளாம்புக்கும் தண்டுக்கும் நடுவில்தான் பல நேரம் பழுதே.

ஆக்சிலரேட்டர் கேபிளோ சோக் கேபிளோ சுடுகிறதா? உடனே நிறுத்துங்கள். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே எர்த் பட்டை இல்லை. இன்ஜின் ரப்பர்மேல் உட்கார்ந்திருப்பதால், நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியர் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்புகிறது. பேட்டரி நெகட்டிவ்வை இன்ஜின் பிளாக்குக்கு நேராக 25 அல்லது 35 சதுர மி.மீ. கேபிளில் கொண்டுபோங்கள். பிளாக்கிலிருந்து சேசிஸுக்குத் தனிப் பட்டை.

பற்றுகிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது

பாயிண்ட் இக்னிஷன் வண்டியில், அதாவது காயிலின் மின்சாரத்தைப் பாயிண்ட் என்ற தொடுமுனை திறந்து மூடும் வண்டியில், இதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. செல்ஃப் சுற்றும்போது காயிலுக்கு முழு வோல்ட் கொடுக்கும் குறுக்கு வயர் இருக்கும். சாவியை விட்டதும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த வோல்ட் வர வேண்டும். இரண்டாம் வழி அறுந்திருக்கிறது: பேலஸ்ட் போயிருக்கும், அல்லது ஹார்னஸ் கட்டும்போது அதை இணைக்காமல் விட்டிருப்பீர்கள்.

அளக்கும்போது பாயிண்ட் மூடியிருக்க வேண்டும். சாவி ஆனில், மூடிய பாயிண்டோடு, காயிலின் பாசிட்டிவ்வில் 6 முதல் 9 வோல்ட். பாயிண்ட் திறந்திருந்தால் மின்சாரம் ஓடாது. பேலஸ்ட் நன்றாக இருந்தாலும் 12தான் காட்டும். மூடிய நிலையிலும் 12 வந்தால் பேலஸ்டைத் தாண்டிப் போயிருக்கிறது, காயில் கொதித்துப் பாயிண்ட் கருகும். பேலஸ்ட் தேவைப்படாத 3 ஓம் காயிலாக இருந்தால் மட்டும் அது சரி.

இதற்கு நேர் எதிர் அறிகுறியும் உண்டு: செல்ஃப் சுற்றும்வரை பற்றவே பற்றாது, சாவியை விடும் நொடியில் பற்றும். இக்னிஷன் வயரை ரேடியோ, ஹீட்டருக்கான டெர்மினலில் இணைத்திருக்கிறீர்கள். செல்ஃப் நேரத்தில் அந்த டெர்மினல் அணைந்துவிடும்.

சாவியை எடுத்தும் இன்ஜின் நிற்கவில்லை

ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் (சார்ஜ் எச்சரிக்கை பல்புக்கான முனை) வயரில் எச்சரிக்கை பல்பு இல்லாமல் நேராக இக்னிஷனில் இணைத்தால், சுற்றிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டர் அந்த வயர் வழியாகவே காயிலுக்குத் திரும்ப ஊட்டுகிறது. 2 அல்லது 3 வாட் பல்பை நடுவில் போடுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் 3 ஆம்பியர் டையோடு ஒன்று, 1என்5408, வெள்ளிக் கோடு ஆல்டர்னேட்டர் பக்கம்.

சார்ஜ் ஏறவில்லை

அந்தச் சின்னப் பல்பு வெறும் எச்சரிக்கைக்கு மட்டுமல்ல. அது வழியாகப் போகும் கால் ஆம்பியரை வைத்துத்தான் ஆல்டர்னேட்டர் எழுந்திருக்கிறது. பல்பு போனாலோ எல்இடி மாற்றினாலோ, இன்ஜினை நன்றாக முடுக்கும்வரை சார்ஜ் வராது. சாவி ஆன், இன்ஜின் ஆஃப் நிலையில் பல்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் டி பிளஸ் வயரைக் கழற்றி எர்த்தில் தொடுங்கள். இப்போது எரிந்தால் வயர் சரி, ஆல்டர்னேட்டரின் பிரஷ் அல்லது ரெகுலேட்டர் பழுது.

ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும். ஆல்டர்னேட்டர் போல்டில் 14.4, பேட்டரியில் 13.2 என்று வந்தால் நடுவிலுள்ள வயர் ஒல்லி. 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 16 சதுர மி.மீ. போடுங்கள். வண்டியின் முழு மின்சாரமும் டேஷ்போர்டிலுள்ள ஆம்மீட்டர் வழியாக ஓடும் பழைய அமைப்பை அப்படியே நகலெடுக்க வேண்டாம். அதன் பின்னால் ஒரு நட் தளர்ந்தால் டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கும். ஆம்மீட்டரைத் தாண்டி நேர் வயர் கொடுத்து, வோல்ட்மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். சோதிக்கிறேன் என்று ஓடும் இன்ஜினில் பேட்டரியைக் கழற்றவும் கூடாது; வோல்டேஜ் எகிறி ரெகுலேட்டரும் டையோடுகளும் போகும்.

இரண்டு வாரம் நின்றால் பேட்டரி காலி

200 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர் அவர். 60 ஆம்பியர் அவர் பேட்டரி பன்னிரண்டு நாளில் வறண்டுவிடும். மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து நெகட்டிவ் கேபிளுக்குத் தொடராகப் போடுங்கள். அந்த நிலையில் செல்ஃப் போடக் கூடாது. 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. அதிகமென்றால் ஃப்யூஸை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த வழி. எல்லாம் எடுத்தும் விழவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைப் பேட்டரி நெகட்டிவ் கழற்றிய பிறகு அவிழ்த்து, மறுபடி அளந்து பாருங்கள். உள்ளே டையோடு கசிந்துகொண்டிருக்கலாம்.

இடையிடையே வந்து போகும் பழுது

இதுவே மிகவும் பொறுமை கேட்பது, கிரிம்பின் தரத்தை நேராகக் காட்டுவதும் இதுதான். சந்தேகப்படும் லக்கைப் பிடித்து இழுங்கள். 1 சதுர மி.மீ. வயர்கூட நன்றாகக் கிரிம்ப் செய்திருந்தால் வெறுங்கையில் சுண்டி இழுத்தால் வராது. வந்துவிட்டால் அது கிரிம்ப் அல்ல. வெட்டிப் பாருங்கள்: நல்ல கிரிம்பில் இழைகள் ஒன்றோடொன்று நசுங்கி ஒரே செம்புக் கட்டியாகத் தெரியும், இடைவெளி தெரியாது. லக்கின் முன் இறக்கைகள் செம்பைப் பிடிக்க வேண்டும், பின் இறக்கைகள் உறையைப் பிடிக்க வேண்டும். இரண்டும் செம்பிலோ இரண்டும் உறையிலோ இருந்தால் அதிர்வில் விட்டுவிடும்.

கிரிம்புக்கு மேல் சால்டர் வைத்தால் இன்னும் உறுதி என்று தோன்றும். ஈயம் இழைகளுக்குள் ஏறி, அது நிற்கும் இடத்தில் வயரைக் கம்பிபோல் விறைப்பாக்குகிறது. இன்ஜின் அதிர்வில் சரியாக அந்த விளிம்பில்தான் அறும். சரியான பிளையர் வாங்கிக் கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுவதே போதும். தண்ணீர் படும் இடத்தில் பசை இல்லாத ஸ்லீவ் வேண்டாம். உறைக்குள் ஈரம் ஏறி, ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கருத்தோ பச்சை பூத்தோ போயிருக்கும். வெளியே பார்த்தால் வயர் புதிதுபோல் இருக்கும். அப்படிப்பட்ட வயரில் முனையை மட்டும் வெட்டி லக் போட்டால் பிடிக்காது. பளபளக்கும் செம்பு வரும்வரை பின்னுக்கு வெட்டிக்கொண்டே போய், அங்கே புது வயரை இணையுங்கள்.